கருமணலின் தாய்வீடு: குமரி–கேரள எல்லை ஓடைகளில் மோனசைட்டின் தடம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடியப்பட்டணத்திலிருந்து மணவாளக்குறிச்சி வரை கடலோரமாக நடந்தவர்களுக்குக் கருமணல் புதிதல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை வெள்ளை மணலை உள்ளே இழுத்துக்கொண்டு, கறுப்பும் சிவப்புமாக ஒரு படலத்தைக் கரையில் விட்டுவிடும். அந்த மணலைப் பற்றிப் பேசாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் பேச்செல்லாம் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. அந்த மணல் கடலில் பிறந்ததல்ல. ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறை, கோதையாறு எனக் கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைகளின் பாறைகளில் பிறந்து, பெயர்கூட இல்லாத ஓடைகளில் உருண்டு, குழித்துறையாற்றில் இறங்கித் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் கடலைக் கண்ட மணல் அது. வள்ளியாறும் பழையாறும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

அந்தப் பயணத்தை எதிர்த்திசையில் நடந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ளூர் ஆர்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். இது மணல் எடுப்பதற்கான வழிகாட்டி அல்ல. திரும்பி வரும்போது உங்கள் பையில் குறிப்பேடும், படங்களும், எண்களும்தான் இருக்க வேண்டும். ஒரு பிடி மணல்கூட இருக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. காரணங்கள் போகப் போகத் தெரியும்.

எதைத் தேடுகிறோம்

மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களின் பாஸ்பேட். அதற்குள் தோரியமும் சிறிதளவு யுரேனியமும் புகுந்திருக்கும். நம் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் வரை உண்டு. கதிரியக்கம் வருவது அதிலிருந்துதான். அருமண் தனிமங்கள் கதிரியக்கத்துக்குப் பெயர் போனவை அல்ல. ஒரே மணிக்குள் இரண்டும் சேர்ந்து இருப்பதால்தான் கதிரியக்கத்தை அளக்கும் கருவி அருமண் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

இந்த மணலை உலகம் கண்டுகொண்ட விதம் விசித்திரமானது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அன்று எரிவாயு விளக்குகளின் மேன்டிலுக்கு, அதாவது சுடரின் மேல் ஒளிரும் வலைக்கு, தோரியம் தேவைப்பட்டது. அதைத் தேடி அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். கோயில் கொடையில் தலைச்சுமையாகப் போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்ததும் அதே தோரியம்தான்.

மலைப்பக்கத்துக் கதை இதைவிடக் குறைவாகவே தெரியும். பழைய கல்குளம் தாலுகாவின் குட்டக்குழியில், வெள்ளைக் களிமண்ணாக மக்கிப்போன ஒரு பெக்மடைட் பாறையிலிருந்து, மோனசைட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிய கனிமம் கிடைத்தது. அதில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 30 சதவீதம் இருந்தது. 1953இல் அதை விவரித்தவர்கள் சேர நாட்டை நினைவில் வைத்து 'செரலைட்' என்று பெயர் சூட்டினார்கள். சேரர் பெயரைத் தாங்கிய ஒரு கனிமத்தின் பிறந்த ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே பாறைக் குடும்பம் தொடர்கிறது. கலை வரலாற்றாளராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் நிலவியலாளர். 1904இல் அங்கே தோரியம் செறிந்த தோரியனைட் கனிமத்தைக் கண்டெடுத்தவர் அவர்தான்.

பாறைகளைப் பற்றி இவ்வளவு போதும்: நம் மலைகளில் நீலம் கலந்த கரும்பச்சையாகத் தெரிவது சார்னக்கைட். கார்னெட் என்ற சிவப்பு மணிகளோடு பட்டை பட்டையாக, மக்கினால் துருநிறமாகத் தெரிவது கோண்டலைட். இவற்றை வெட்டிக்கொண்டு வெள்ளை, ரோஜா நிறங்களில் ஓடும் பெரும்படிக நரம்புகள் பெக்மடைட். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. மோனசைட் இவற்றில் மிகச் சிறிய பங்கு. பாறை மக்கிச் செம்மண்ணும் வெட்டுக்கல்லுமாக மாறும்போது மற்றவை கரைந்துபோக, அது கரையாமல் நின்று மழையோடு ஓடைக்கு வருகிறது.

சட்டமும் அனுமதியும்

மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். உரிமம் இல்லாமல் அதைத் தோண்டவோ, பிரித்தெடுக்கவோ, வைத்திருக்கவோ முடியாது. 1962ஆம் ஆண்டின் சட்டம் தன் 4ஆம் பிரிவில், யுரேனியமோ தோரியமோ ஓரிடத்தில் இருப்பதைக் கண்டறிந்தவர் 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. கிளம்பும் முன் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையின் இந்தப் பக்கம் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், அந்தப் பக்கம் நெய்யாறு சரணாலயம். இரண்டிலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பட்டா நிலத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓடும் ஓடைகளே போதுமான அளவு இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

அதிகாலையில் ரப்பர் பால் வெட்ட வருபவர்களிடம் முதலில் பேசுங்கள். எந்த வளைவில் வெள்ளம் திடீரென்று ஏறும், எந்தப் பாறையில் வழுக்கும், யானை எந்த வாரம் எந்தப் பக்கம் இறங்கியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். என்னை ஒரு நல்ல மணல் திட்டுக்கு அழைத்துச் சென்றது அப்படி ஓர் அக்காவின் ஒரு வாக்கியம்தான். "அந்தக் கைதைப் புதருக்கு அடியில் மழை முடிந்தால் மண் கறுத்துக் கிடக்கும், தம்பி" என்றார். கைதை என்றால் தாழை.

வீட்டில் பழகிவிட்டுப் போங்கள்

கருவிகள் அதிகம் வேண்டாம்: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், விளிம்பு சரிந்த ஒரு பிளாஸ்டிக் பேசின், நுண்ணிய அரிப்பு (சல்லடை), ஒரு சாதாரண காந்தம், அதைவிட வலுவான ஒரு நியோடிமியம் காந்தம், வெள்ளைத் தட்டு, அளவுநாடா, குறிப்பேடு, கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கைகர் எண்ணி. கடைசியாகச் சொன்னதைப் பல கல்லூரிகளின் இயற்பியல் துறையில் கேட்டுப் பெறலாம்.

கருவியை ஓடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் வீட்டில் வைத்து அளந்து பாருங்கள். வாசல் கருங்கல் படியில், தரை ஓட்டின் மேல், செங்கல் சுவரோரம், தென்னந்தோப்பின் நடுவில் என ஒவ்வொரு இடத்திலும் வேறு எண் வரும். கருங்கல்லில் பொட்டாசியம் இருப்பதால் எண் கூடும். தரை ஓட்டின் பூச்சில் சிர்கான் என்ற கனிமம் இருந்தாலும் சற்று உயரும். "எண் ஏறினால் மோனசைட்" என்ற அவசர முடிவை இந்த ஒரு வாரம் உங்கள் மனத்திலிருந்து துடைத்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கையின் இயல்பு. கதிரியக்கச் சிதைவு தாளம் தவறாத கடிகாரம் அல்ல, தகரக் கூரையில் விழும் மழைத்துளி போன்றது. ஒரு நிமிடத்தில் 25 எண்ணிக்கை வந்தால், அதன் வர்க்கமூலமான 5 அளவுக்கு மேலும் கீழும் போவது சாதாரணம். பத்து நிமிடம் வைத்து 250 வந்தால் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. அதாவது நிமிடத்துக்கு 25, கூட்டல் கழித்தல் 1.6. ஒரே இடம்தான், பொறுமை மட்டுமே கூடியிருக்கிறது, துல்லியம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. நான் முதல்முறை போனபோது இது தெரியாது. ஓடை வளைவில் ஒரு நிமிடம் அளந்து 34 வந்தது, கரையில் 25. பெரிய கண்டுபிடிப்பு என்று நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பத்துப் பத்து நிமிடம் அளந்தபோது வளைவும் கரையும் ஒன்றாகவே இருந்தன. சொன்னவர்களிடம் எல்லாம் போய்த் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று முதல் பத்து நிமிடத்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

காலமும் இடமும்

எங்கள் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். தண்ணீர் வடிந்து, வெள்ளம் தரம் பிரித்து வைத்த மணல் அப்படியே கிடக்கும், அட்டைகளும் குறைவு.

வெள்ளம் தன் வேகம் குறையும் இடத்தில்தான் கனமானதைக் கீழே வைக்கிறது. வளைவின் உட்பக்கத் திட்டின் மேல்முனை, பெரும்பாறையின் நிழல் விழும் பின்பக்கம், சிறு அருவிக்குக் கீழே உள்ள குழி, பாறையின் குறுக்கு வெடிப்பு, கைதை வேரின் பிடி ஆகியவற்றைப் பாருங்கள். நடு ஓடையில் பளபளவென்று விரிந்து கிடக்கும் வெள்ளை மணலில் நேரம் செலவிட வேண்டாம்.

அதே பருமனுள்ள தண்ணீரின் எடையை 1 என்று வைத்தால், தண்ணீருக்குள் வெள்ளை மணலான குவார்ட்சின் நிகர எடை 1.65 என்றால் மோனசைட்டின் நிகர எடை 4க்குச் சற்று மேல். நுண்மணல் விழும் வேகத்தைக் கணக்கிட்டால், ஒரு மோனசைட் மணியும் அதைப்போல் ஒன்றரை மடங்கு பருத்த குவார்ட்ஸ் மணியும் ஒன்றாகவே அடியில் இறங்கும். ஆகவே பரும்மணலின் இடுக்குகளுக்குள்தான் நுண்ணிய கருமணல் ஒளிந்திருக்கும். அரிப்பின் வழியே கீழே இறங்கிய நுண்மணலைத்தான் நாம் பார்க்க வேண்டும். அரிப்பின் மேலே நின்ற சரளையை அங்கேயே கொட்டிவிடலாம்.

அரித்தல்

இதற்கு நான் புதிதாக எதையும் கற்பிக்கத் தேவையில்லை. அரிசியில் கல் அரித்த அம்மாவைப் பார்த்திருந்தால் போதும். பாத்திரத்தைச் சாய்த்து, தண்ணீரை லேசாகச் சுழற்றி, மேலே மிதந்து வரும் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறு பாத்திரத்துக்கு விடுவார்கள். கல் அடியிலேயே நிற்கும். நகைக் கடைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத் துகள் எடுப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இங்கே அரிசியின் இடத்தில் குவார்ட்ஸ், கல்லின் இடத்தில் கனிமம்.

இரு கைப்பிடி நுண்மணலைப் பேசினில் போட்டு, தண்ணீருக்குள் அமிழ்த்தி, முதலில் பக்கவாட்டில் வேகமாக ஆட்டுங்கள். கனமானவை அடிக்கு இறங்க இந்த ஆட்டம்தான் காரணம். இதைக் குறைத்தால் பின்னால் எவ்வளவு கவனமாகச் சுழற்றினாலும் பயனில்லை. பிறகு முன்னால் சாய்த்து, மேல்படலத்தைத் தண்ணீர் தழுவிப் போகும்படி விடுங்கள். மறுபடி ஆட்டுங்கள், மறுபடி சாயுங்கள். ஏழெட்டுச் சுற்றில் வெள்ளை போய், ரோஜா நிறக் கார்னெட் ஒரு வரியாகவும் அதற்கு அடியில் கறுப்பு ஒரு வரியாகவும் நிற்கும். அந்த இரண்டு வரிகளையும் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் ஓடைக்குப் போகிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு மணல், ஒரே பேசின், ஒரே ஆள். இல்லையேல் இடத்துக்கு இடம் ஒப்பிட முடியாது.

மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும். உலர்ந்த கனிம மணலைப் புடைப்பதும், சலிப்பதும், இடிப்பதும் வேண்டவே வேண்டாம். மோனசைட் மணி கையில் இருப்பதால் சில நிமிடங்களில் ஒன்றும் ஆகாது. அதன் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி ஆல்ஃபா துகள்களை வீசிக்கொண்டிருக்கும். கைவிரலின் தோல் தடுத்துவிடும் ஆல்ஃபா துகளை நுரையீரலின் மெல்லிய சவ்வு தடுக்காது. வேலை முடியும் வரை வெற்றிலையோ, பீடியோ, கடலையோ வாயில் போடக் கூடாது. சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுங்கள், நகக்கண் உட்பட.

காந்தமும் லென்ஸும்

கறுப்பு வரியை வெள்ளைத் தட்டில் சிறிது தண்ணீரோடு பரப்புங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள்ளுங்கள். சாதாரண காந்தத்துக்குத் துள்ளி வருவது மேக்னடைட். நியோடிமியம் காந்தத்துக்கு இல்மனைட்டும் கார்னெட்டும் மெல்ல நகர்ந்து வரும். தட்டில் கறுத்துக் கிடப்பதில் பெரும்பங்கு இல்மனைட்தான். கறுப்பாக இருப்பதெல்லாம் கதிரியக்கம் என்பது எங்கள் ஊர்களில் பரவலாக உள்ள தவறு. கறுப்பு நீங்கிய பிறகு தட்டில் மிஞ்சும் வெளிர் மணிகளுக்குள்தான் நாம் தேடுவது இருக்கிறது.

லென்ஸில் பார்த்தால் சிர்கான் இருமுனையும் கூர்த்த சிறு தூணாக வைரம்போல் மினுங்கும். ருட்டைல் அடர் செம்பழுப்பு. சில்லிமனைட் நிறமற்ற ஊசி. மோனசைட் தேன் நிறத்தில், சில வேளை பனைவெல்லப் பாகின் நிறத்தில், பிசின் பூசியது போன்ற பளபளப்போடு இருக்கும். கடற்கரையில் அது முட்டை வடிவில் உருண்டு போயிருக்கும். ஓடையில் முனைகள் இன்னும் மழுங்காமல் இருந்தால் தாய்ப்பாறை தொலைவில் இல்லை. இந்த ஒரு அடையாளத்துக்காகவே மணிகளைக் கைப்பேசியில் லென்ஸ் வழியாகப் படம் எடுத்து, எடுத்த இடத்தின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சள் சிர்கானும் வெளிர் கார்னெட்டும் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

நீங்கள் கையில் பிடித்திருக்கும் அந்தக் காந்தத்தின் நியோடிமியமும் இப்படி ஒரு கனிமத்திலிருந்தே வந்தது. மின்வாகன மோட்டாரும் காற்றாலையும் இந்தத் தேன் நிற மணியைத் தேடுவதற்கு அதுதான் காரணம். கிள்ளியூர் தாலுகா கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்ததற்கும், மக்கள் அதை எதிர்த்து நிற்பதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கருவியால் அளத்தல்

அளக்கும்போது கண்ணை மறைக்கும் காரணங்கள் மூன்று உண்டு.

முதலாவது மழை. மழைநீர் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து பிறக்கும் வழித்தோன்றல்களைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும். மழை விட்ட உடனே அளந்தால் எல்லா இடமும் உயர்வாகவே தெரியும். அவற்றின் அரை ஆயுள் அரை மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று மணி நேரம் பொறுத்தால் அடங்கிவிடும். மறுபுறம், தண்ணீர் ஊறிய மணல் தன் கதிர்களைத் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். ஆகவே ஈரத்தின் நிலையையும் குறித்துவையுங்கள்.

இரண்டாவது இடத்தின் வடிவம். திறந்த வயலில் பாறை காலுக்குக் கீழே மட்டும்தான். ஒடுங்கிய பாறை இடுக்கில் இரு பக்கமும் சுவர். கனிமம் சிறிதும் கூடாமலே எண் கணிசமாக ஏறும். இந்த விஷயத்தில் ஏமாறாதவரை நான் சந்தித்ததில்லை. இடுக்கை இடுக்கோடும், திட்டைத் திட்டோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

மூன்றாவது கருவியின் இயல்பு. பல கைகர் எண்ணிகள் சீசியம்-137இன் கதிரை வைத்துத் தரப்படுத்தப்பட்டவை. தோரியத்தின் வழித்தோன்றல்கள் வீசும் கதிர்கள் வேறு ஆற்றல் கொண்டவை. திரையில் வரும் மைக்ரோசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) எண்ணை உடல்நலக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று அளவுகள்: ஓடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கரையில், திட்டுக்கு ஒரு மீட்டர் உயரத்தில், மணலைத் தொட்டும் தொடாமலும். கருவியையும் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். பிறகு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை இடையில் வைத்து மறுபடி ஒரு முறை அளந்தால், எண் எவ்வளவு விழுகிறது என்பதிலிருந்து பீட்டா துகள்களின் பங்கு தெரியும். அது பெரிதாக விழுந்தால் மூலம் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

வந்தது தோரியமா, யுரேனியமா, வெறும் பொட்டாசியமா என்பதைக் கைகர் எண்ணி சொல்லாது. அதற்குக் காமா நிறமாலைமானி வேண்டும். 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு தெரிந்தால் தோரியத் தொடர், 1.76இல் யுரேனியத் தொடர், 1.46இல் பொட்டாசியம். பல்கலைக்கழகத்தில் யாராவது அந்தக் கருவியோடு உங்களுடன் ஒரு நாள் வர இசைந்தால், உங்கள் மூன்று மாத வேலைக்கு அது ஈடாகும்.

மேலேறுதல்

இரண்டு ஓடைகள் கூடும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கூடலுக்கு மேலே இரு கிளைகளிலும் ஒவ்வொரு பேசின் அரித்துப் பாருங்கள். கனிமம் கூடுதலாக வரும் கிளையில் ஏறுங்கள். அடுத்த கூடலில் மறுபடி அதே வேலை. ஓரிடத்தில் கறுப்பு வரி சட்டென்று மெலியும். தாய்ப்பாறையைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கே நின்று கரைச்சரிவைப் பாருங்கள். வெள்ளைக் களியும், விரல் அகல மைக்கா ஏடுகளும், புகை பிடித்தது போன்ற குவார்ட்சும் தெரிந்தால் பெக்மடைட் நரம்பு அருகில் இருக்கிறது. குவார்ட்சுக்கு அந்தப் புகை நிறத்தைத் தந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளின் இயற்கைக் கதிரியக்கம்தான். பாறையைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம், படம் எடுத்து அளவுநாடாவோடு குறித்தால் போதும்.

பல ஓடைகளில் இப்படி ஒரு நரம்பு அகப்படாது. மலைச்சரிவு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு முடிவுதான். அதையும் எழுதுங்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

தேதி, நேரம், கடைசி மழை எப்போது, இடத்தின் ஆயத்தொலைவுகள், இடத்தின் வடிவம், பேசின் கணக்கு, மூன்று அளவுகளின் மொத்த எண்ணிக்கையும் நேரமும், கருவியின் மாதிரி ஆகியவற்றை அன்றே மாலையில் சுத்தமாக எடுத்து எழுதிவிடுங்கள். எண் எதுவும் ஏறாத இடங்களையும் விடாதீர்கள். அவை இல்லாத வரைபடம் பொய் சொல்லும்.

அறிக்கையை அணுக் கனிமங்கள் ஆய்வு இயக்குநரகத்துக்கு அனுப்புங்கள். 1949இல் அருங்கனிம ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய அமைப்பு அது. தலைமையகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. ஆயத்தொலைவுகளைச் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். நான் நடந்த ஓடையின் பெயரை இங்கே எழுதாததற்கும் காரணம் அதுதான். ஒரு படம் பரவினால் மண்வெட்டியோடு வருபவர்கள் அந்தக் கைதைப் புதரை வேரோடு பெயர்த்துவிடுவார்கள்.

ஊராரிடம் சொல்லும்போது எண்ணை மட்டும் வீசிவிட்டு வராதீர்கள். கேரளத்தில் கருநாகப்பள்ளியின் கதிரியக்கம் மிகுந்த கடலோரத்தில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2009இல் வெளியானபோது, அங்குள்ள இயற்கைக் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அதையும் சொல்லுங்கள். கனிமத்தைத் தோண்டி, உலர்த்தி, செறிவாக்கும்போது நிலைமை வேறாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை ஊர் ஒருமுறைதான் நம்பும்.

கிளம்பும் முன் தட்டிலும் பேசினிலும் மிஞ்சிய மணலை, காந்தத்தில் ஒட்டியது உட்பட, எடுத்த அதே குழியில் கொட்டுங்கள். பேசினை ஓடையிலேயே மூன்று முறை அலசுங்கள், செருப்பின் அடியையும் தேய்த்துக் கழுவுங்கள். கருவியைப் பேசினுக்குள் வைத்துப் பத்து நிமிடம் அளந்து, காலையில் கரையில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் இன்னொரு முறை அலசுங்கள்.